வால் நறுக்கிய சாயம்

சாயம் ஒளிரவில்லை.

அவள் கண்ணாடிக் குழாயை விரலால் சுண்டிவிட்டு, மறுபடியும் புற ஊதா விளக்கின் அடியில் வைத்தாள். கல்லுளிமங்கன் போல அசைந்து கொடுக்காமல் இருண்டே கிடந்தது.

இத்தனைக்கும் குழாயில் இருந்தது மருத்துவமனை அனுப்பிய ரத்தம். நோய் முற்றியவருடையது. அந்த நோய் வந்தால் ரத்தத்தில் இரண்டு பொருட்களின் அளவு சேர்ந்தே கூடும். ஒன்று மட்டும் கூடினால் வெறும் காய்ச்சலாகக்கூட இருக்கலாம். அதனால் இரண்டையும் ஒருசேரப் பிடிக்கும் சாயத்தைச் செய்திருந்தாள். ஒன்றுக்குப் பச்சை, மற்றதற்குச் சிவப்பு, இரண்டும் இருந்தால் மஞ்சள்.

மஞ்சள் வந்தாக வேண்டும். பேருக்காக இல்லை, பதவிக்காகவும் இல்லை. புதிய சாயம் சரியென்றால் பழைய சாயம் பொய் சொன்னதாக ஆகும். அது பொய்யாக இருந்தால்தான் அவளால் இனி நிம்மதியாகத் தூங்க முடியும்.

பக்கத்தில் வானொலி நின்றிருந்தார். போன மாதம் மாற்றலாகி வந்த ஆய்வாளர். வாய் ஓயாததால் வந்த பெயர் அது. வேறு நோயாளியின் ரத்தத்தைப் போட்டுப் பார்க்கலாமே என்றார்.

அடுத்த குழாயும் இருட்டு. அதற்கடுத்ததும்.

அவள் எழுந்துபோய் உறைபெட்டியின் அடித்தட்டில் கையை விட்டாள். பழைய சாயம் பனி மூடிக் கிடந்தது. எல்லோரும் தூக்கிப் போடச் சொன்னதுதான். அவளுக்கு மனம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று தன்னையே கேட்டுக்கொள்ளவும் பயம்.

அதே ரத்தத்தை வேறு குழாயில் எடுத்து ஒரு சொட்டு விட்டாள்.

குழாய் மஞ்சளாக எரிந்தது. அடுத்ததும், அதற்கடுத்ததும்.

அவள் விளக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வானொலிக்கோ தலைகால் புரியவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாக இருக்கிறதே, இதைப் போய் ஏன் ஒதுக்கினீர்கள் என்று கேட்டார்.

“நல்லா இருக்கிறவர் ரத்தத்துலயும் இது எரிஞ்சுது.”

எந்தச் சோதனையானாலும் நோயில்லாத ஒருவரின் ரத்தத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். அதில் ஒளிர்ந்தால் சாயத்தின் மேல்தான் சந்தேகம் வரும், ஆளின் மேல் வராது. அதுவும் அன்று ஒப்பிட ரத்தம் கொடுத்தவர் எருமை மாதிரி திடமான ஆள்.

ஆகவே அந்தச் சாயத்தின் மூலக்கூறில், கண்டதையும் பற்றிக்கொள்வதாக நினைத்த வாலை நறுக்கினார்கள். அடங்கவில்லை என்று இன்னும் ஒட்ட நறுக்கினார்கள். கடைசியில் அந்த ரத்தத்தில் அது வாயை மூடிக்கொண்ட அன்று ஆய்வுக்கூடமே கைதட்டியது. ரத்தத்துக்குச் சொந்தக்காரரும் கூடவே கைதட்டினார்.

“அப்போ அவரை இன்னொரு தரம் வரச் சொல்லுங்க மேடம். பாத்துட்டா தெரிஞ்சிடும்.”

பாவம், புதிதாக வந்தவரிடம் யார் சொல்லியிருப்பார்கள். மாலையில் அவளை அழைத்துப்போக வந்து, காத்திருக்கும் நேரத்தில் சட்டைக் கையைச் சுருட்டி, கொசுவுக்குக் கொடுப்பதை உனக்குத்தான் கொடுத்துவிட்டுப் போகிறேனே என்று சிரித்தபடி கையை நீட்டிய அவள் கணவர் அவர்.

போன மழைக்காலத்தில் இதே நோயில்தான் போய்ச் சேர்ந்தார். முற்றும் வரை எந்த அறிகுறியும் காட்டவில்லை என்று துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். அவளும் அவர்களிடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.