அப்பம் காத்திருந்த நேரம்

அன்று என்ன பாட்டுப் பாடினோம் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. மழை பெய்ததாக நினைக்கிறேன். அதுவும் உறுதியில்லை.

கர்த்தருடைய பந்தியில் என் கணவர் அப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். அது நினைவிருக்கிறது.

எங்கள் சபையில் போதகர் கிடையாது. ஆவியானவர் யாரை உணர்த்துகிறாரோ அவர் எழுந்து, ஸ்தோத்திரம் சொல்லி, அப்பத்தைப் பிட்டு எல்லோருக்கும் கொடுப்பார். பெரும்பாலும் இவர்தான்.

அன்று பிட்கவில்லை.

நின்றுகொண்டே இருந்தார்.

பிறகு அப்பத்தைத் தட்டில் வைத்தார். வெள்ளைத் துணியால் மூடினார். வேதப்புத்தகத்தைக்கூட எடுக்காமல் வெளியே நடந்தார்.

"ஒங்க வீட்டுக்காரவ எங்க போறாவ?" பக்கத்திலிருந்த அக்கா என் காதில் கேட்டாள்.

எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் பயம் வந்தது.

பின்தெருவில் எங்கள் வீடு. ஒட்டினாற்போல் அவருடைய தம்பி யாபேஸின் வீடு. நடுவில் ஒரு சுவர். இரண்டுக்கும் ஒரே கிணறு. மோட்டார் போடுவது யார் முறை என்று தொடங்கிய அண்ணன் தம்பி சண்டையில் யாபேஸ் சபைக்கு வருவதையே நிறுத்திவிட்டார். சகோதரனுக்கு உன்மேல் குறை இருந்தால் முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்கிறது வேதம்.

யாபேஸின் மனைவி எப்சிபா என் கூடப்பிறந்த தங்கை.

வருடக்கணக்காக அவள் பாத்திரம் துலக்கும் சத்தத்தை மட்டும் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்று யாபேஸ் வீட்டுக் கதவு திறக்காவிட்டால் இனி எப்போதும் திறக்காது.

சபைக் கூடத்தில் வேறு யாராவது அப்பத்தைப் பிட்டிருக்கலாம். சபையில் மூத்தவரான ஞானசிகாமணி அண்ணாச்சி, எழப்போகிறவர்போல் ஒருமுறை செருமினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

யாரும் எழவில்லை.

அங்கே நடந்தது எப்சிபா சொல்லித்தான் தெரியும். அவள் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள். கதவைத் திறந்தபோது யாபேஸ் பாதி முகம் சவரம் செய்திருந்தாராம்.

"கெளம்புலே."

"மீதி மொகத்தையும் வழிச்சிட்டு வாரேண்ணே."

"அப்பம் காத்துக் கெடக்கு."

அவ்வளவுதான் பேச்சு என்றாள்.

வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம். இவர் உள்ளே வந்தார். பின்னால் யாபேஸ், ஒரு கன்னத்தில் சோப்பு நுரை காய்ந்துபோய்.

நான் இன்னும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எப்சிபா வந்தாள். உடை மாற்றக்கூட நேரமில்லை. நைட்டி. தலையில் முக்காட்டுக்குப் பதில் ஒரு துண்டு.

பெண்கள் பக்கம் ஒருவரும் சிரிக்கவில்லை. நகர்ந்து இடம் விட்டார்கள்.

அவள் தோள் என் தோளில் இடித்தது. எடுக்கவில்லை.

இவர் துணியை விலக்கினார்.

எந்தத் தைரியத்தில் போனீர்கள் என்று மத்தியானம் சோறு போடும்போது கேட்டேன்.

"கர்த்தர் போன்னாரு. அவன் கதவத் தொறப்பானான்னு கேட்டேன். அதுக்குப் பதிலே வரல."

"பொறவு?"

"போனேன்."

அடுத்த வருடம் இவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். பெட்டியின் தலைமாட்டை யாபேஸ் தூக்கினார். இப்போது யாபேஸும் இல்லை. ஞானசிகாமணி அண்ணாச்சி கோயம்புத்தூரில் மகளோடு இருக்கிறார்.

எப்சிபா என்னோடு இருக்கிறாள்.