தாளத்துக்குத் திக்கும் பைக்

கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்ற ஜெபசிங் ஆசையாக மாட்டிய குயிக்‌ஷிஃப்டர் இன்றும் மக்கர் செய்கிறது. கியர் லிவரில் கால் பட்டால் எஞ்சினை ஒரு நொடி அடக்கும் சென்சார் அது. இரண்டு முறை மாற்றியாயிற்று. சங்கரன்கோவிலைத் தாண்டி, மஞ்சள் வெயிலில் அவன் கீர்த்தனை பாடிக்கொண்டு ஓட்ட, பைக் திக்கித் திக்கிப் போகிறது. பின்னால் இருக்கும் மனைவி எப்சிபா குனிந்து பார்க்கிறாள். அவன் ஷூ நுனி லிவரில் தாளம் போடுகிறது. “அத்தான், சென்சார்ல ஒண்ணுமில்ல. ஒங்க காலுதான். தாளத்த கியர்னு பைக்கு நெனைக்குது.” அவன் லிவரிலிருந்து காலை எடுக்கிறான். பைக் திக்காமல் ஓடுகிறது. தாளமில்லாமல் அவனுக்குப் பாட்டு வரவில்லை. சிவகிரி ரோடு முழுக்க வெறும் எஞ்சின் சத்தம். எப்சிபாவுக்கு அது பிடிக்கவில்லை. “நீங்க பாடுங்க. தாளம் நான் போடுதேன்.” அவன் முதுகில் அவள் விரல்கள் தட்டத் தொடங்குகின்றன.