கடைவாய்ப் பல்

"இன்னைக்கே அந்த ஞானப்பல்லைப் பிடுங்கிடுங்க டாக்டர். நாளைக்கு வீடு நிறைய விருந்தாளி, இவ படுத்துட்டா மட்டோகே வாழைக்காய் அவிக்கக்கூட ஆளில்ல" என்றாள் கெமிகிஷா.

வேலைக்காரி நபுவிரே வீங்கிய கன்னத்தோடு நாற்காலியில் சாய்ந்திருந்தாள்.

டாக்டர் ஒடோங் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்தார். "இவளுக்கு என்ன வயசு?"

"பத்தொன்பது. புசியாவுலேருந்து கூட்டியாந்த புரோக்கர் சொன்னாரே. உயரத்தைப் பார்த்தாத் தெரியல?"

"ஞானப்பல் எலும்புக்குள்ள இப்பதான் உருவாகுது மேடம். வலிக்கிறது அதுக்கு முந்தின பல்லு. பன்னெண்டு வயசுல முளைக்கிறது."

"பதிமூணு ஆயிருச்சு டாக்டர்" என்றாள் நபுவிரே, அவசரமாக.

போன மாதம் இதே பல் முளைத்தபோது கெமிகிஷாவின் மகள் ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை. வேளாவேளைக்கு உப்புத்தண்ணீர் கலக்கிக் கொடுத்து, மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்தவள் நபுவிரேதான்.