கயிறு கட்டிய இடம்

“ஏம்மா, பனி கொட்டறதுக்குள்ள நான் கணவாயைத் தாண்டியாகணும். இன்னும் எவ்வளவு நேரம்?” என்று கத்தினார் மெர்ல்.

கொலராடோ மலையடிவாரத்துப் பட்டறை அது. அவருடைய கேரவன் பஸ்ஸுக்குப் பின்னால், இழுத்துக்கொண்டு போக ஒரு காரை இழுவைக் கொக்கியில் கோத்திருந்தார்கள். மெக்கானிக் லொரெட்டா பஸ்ஸுக்கு அடியில் டார்ச் வெளிச்சத்தில் மல்லாந்து படுத்து, காரின் அவசர பிரேக்கிலிருந்து வந்த மெல்லிய கம்பிக் கயிற்றை பஸ்ஸின் அடிச்சட்டமான சேஸிஸில் கட்டிக்கொண்டிருந்தாள்.

“இழுவைக் கொக்கி கைக்கெட்டற தூரத்துல இருக்கே. அதுல மாட்டிட்டு எழுந்து வாங்களேன்.”

“கொக்கியே பஸ்ஸை விட்டுக் கழண்டா, கயிறும் கார் கூடவே போயிடும் சார். கயிறு இழுபட்டாத்தான் காரோட பிரேக் பிடிக்கும். இல்லேன்னா இறக்கத்துல கார் தன்பாட்டுக்கு ஓடும்.”

“ஓடட்டுமே! காலி கார்தானே? யார் சாகப்போறா?”

அவள் கையிலிருந்த ஸ்பானர் நழுவி விழுந்தது.

“அன்னிக்கு ஓடினதும் காலி கார்தான் சார். எதிர்ல என் வீட்டுக்காரர் வந்துக்கிட்டிருந்தார்.”

மெர்ல் தொப்பியைக் கழற்றினார். “மன்னிச்சுக்கம்மா... கயித்தைக் கொக்கியில மாட்டினானே, அந்த மடையனைச் சும்மாவா விட்டீங்க?”

லொரெட்டா வெளியே வந்தாள். விரல்களைத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

“அந்தக் கார்க்காரரும் உங்களை மாதிரிதான் அவசரப்படுத்தினார். மாட்டினது நான்தான்.”

மெர்ல் தொப்பியைக் கீழே வைத்தார். அவள் கையிலிருந்த டார்ச்சை வாங்கிக்கொண்டு, கயிறு கட்டிய இடத்தைப் பார்க்க பஸ்ஸுக்கு அடியில் ஊர்ந்து போனார்.