குறுங்கோளின் விட்டம்

தொலைதூரக் குறுங்கோள் ஒன்று ஒரு நட்சத்திரத்தை எத்தனை நொடி மறைத்தது என்பதை ஆறு ஊர்களிலிருந்து அளந்து, அதன் விட்டத்தைக் கண்டுபிடித்தாள் ஆய்வு மாணவி. கட்டுரை அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் பெயரில் மட்டும் வெளிவந்தது.

அவருக்கு நடந்த பாராட்டுக் கூட்டத்தில்தான் எழுந்தாள்.

"சார், போன வாரம் அதே கோள் இன்னொரு நட்சத்திரத்தை மறைச்சுது. புது அளவு என்கிட்ட இருக்கு. உங்க விட்டம் தப்புன்னா யார் பொறுப்பு?"

பேராசிரியர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டார்.

"கணக்குப் போட்டது நான் இல்லம்மா. ஒரு வரி விடாம எல்லாமே நீ போட்டதுதானே?"

"அதைக் கொஞ்சம் மைக்ல சொல்லுங்க சார்."

சொன்னார். நிருபர்கள் குறித்துக்கொண்டார்கள்.

"ரொம்ப நன்றி சார்" என்று புது அளவை அவரிடம் நீட்டினாள். அதிலும் அதே விட்டம்தான் இருந்தது.