நடு ஜாடி

கொட்டகையில் இருந்த மூன்றாவது ஜாடியையும் முகர்ந்து பார்த்துவிட்டு, மூடியைத் தரையில் வீசினான் துரைராஜ்.

மூன்றும் அவனுக்கு ஒரே வாடையாகத்தான் இருந்தது.

சிங்கவரம் சாலையோரம் அவனுடைய கிணற்றடிப் பந்தலில் இருந்ததே இரண்டு வகைக் கொடிகள். பன்னீர் திராட்சை இனிக்கும்; ஆனால் அதன் ரசம் சப்பென்று நிற்கும். மேற்கோரத்துக் கருந்திராட்சை புளிக்கும், துவர்க்கும். இரண்டையும் தனித்தனியே ஊறவைத்து, இந்த வருஷம் மூன்று விதமாகக் கலந்து வைத்திருந்தான்.

எந்தக் கலவை சரி என்று சொல்லத்தான் ஆளில்லை.

மதுவிலக்கு இருக்கிற ஊரில், மாதா கோயில் பூசைக்கு மட்டும் என்று சர்க்காரிடம் அனுமதி வாங்கிச் செய்கிற திராட்சை ரசம். கப்பலில் வந்துகொண்டிருந்த சீமைச் சரக்கு நின்றுபோனதால் கிடைத்த வாய்ப்பு. ஞாயிற்றுக்கிழமை பிஷப் வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் சுற்றுவட்டாரக் கோயில்களுக்கெல்லாம் இங்கிருந்தே போகும். பிடிக்காவிட்டால் கொடிகளை வெட்டிவிட்டு வேர்க்கடலை போட வேண்டியதுதான்.

பங்குச் சாமியாருக்குப் போன வாரமே மூன்று சீசாக்களில் கொடுத்தனுப்பினான். எல்லாமே நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அந்த மனிதருக்கு மோரும் ஒன்றுதான், இதுவும் ஒன்றுதான்.

பக்கத்துக் கொல்லைக்காரனோ போலீசுக்குப் பயந்து வரப்பைத் தாண்டவே மறுத்துவிட்டான்.

இப்போது ரசத்தை வாங்கிப் போக, கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை சவரிராயன் சைக்கிளோடு வந்து நின்றார்.

“அண்ணே, ஒரு சொட்டு நாக்குல வச்சிப் பாத்துச் சொல்லுண்ணே.”

“பூசைக்குப் போறதுல நான் வாய வைக்கறதா? நீயே பாக்கறது. செஞ்சவனுக்குத் தெரியாதா இன்னா?”

துரைராஜ் அதை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. கண்ணாடி டம்ளரில் ஊற்றி ஊற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். மூன்றும் சிவப்பு. ஜாடிகளை எட்டி உதைத்துவிடலாம் போல ஆத்திரம் வந்தது. எதையாவது எடுத்துக்கொண்டு போ என்று சொல்ல வாயெடுத்தான்.

கொட்டகை வாசலில் நிழல் விழுந்தது. அவன் மனைவி செல்லம்மாள்.

ஜாடிகள் வந்த நாளிலிருந்து அவள் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. சோற்றுத் தூக்கைக்கூடக் கிணற்று மேட்டில் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பாள். அந்த வாடை அவளுக்கு ஆகாது.

முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தாள். கரண்டியை எடுத்து ஒவ்வொரு ஜாடியிலிருந்தும் சில சொட்டுகள் நாக்கில் விட்டுக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

“நடு ஜாடி. ஒண்ணு வெறும் இனிப்பு. இன்னொண்ணு பல்லு கூசுது.”

சவரிராயன் நடு ஜாடியைச் சைக்கிளின் பின்னால் வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு புறப்பட்டார்.

செல்லம்மாள் வாய்க்காலோரம் குனிந்து வாயைக் கொப்பளித்தாள். விடாமல் கொப்பளித்துக்கொண்டே இருந்தாள்.

துரைராஜ் அவள் பக்கத்தில் போய் நின்று, தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னான்.

அவள் திரும்பவில்லை.

அவன் நின்றது அவளுடைய இடது பக்கம். குடியை விடுவதற்கு முன், பாண்டிச்சேரியில் குடித்துவிட்டு அவன் கடைசியாக வீட்டுக்கு வந்த அன்று, அவன் அறைந்ததில் போன காது அது.