அறைக்கு வெளியே ஒரு விவாதம்

“அரசாங்கம் கையைக் கட்டிக்கிட்டு ஓரமா நின்னாலே போதும் சார். சந்தை தன்னைத் தானே சரிபண்ணிக்கும்!”

ஆஸ்டின் சொன்ன வேகத்தில் மரபெஞ்சு ஒரு முறை ஆடி நின்றது.

தாம்பரத்தில் ஓர் அரசு அலுவலகத்தின் முதல் மாடி. அதிகாரி மீட்டிங்கில் இருந்தார். வெளியே காத்திருந்தவர்கள் இரண்டே பேர்தான். சேலையூர் ஆஸ்டினும், பக்கத்தில் பெயர் சொல்லாமல் ஊரை மட்டும் சொல்லி அப்போதுதான் அறிமுகமான பெருங்களத்தூர் ஸ்ரீரங்கனும். ஸ்ரீரங்கன் நாளிதழைப் பிரித்து, “விலைவாசியப் பாருங்க, அரசாங்கம் தூங்குது” என்று முனகியதுதான் தப்பாகப் போயிற்று.

காலையில் கிளம்பும்போதே மனைவி எப்சி சொல்லி அனுப்பியிருந்தாள், “போன இடத்துல யார்கிட்டயும் வாயைக் கொடுக்காதீங்க.” ஆஸ்டினும் தலையாட்டிவிட்டுத்தான் வந்தார். ஆனால் அவர் பி.ஏ. எகனாமிக்ஸ். கல்லூரிப் பேச்சுப் போட்டியில் வாங்கிய ஷீல்டு இன்னும் வீட்டு டிவிக்கு மேலே இருக்கிறது. கேம்ப் ரோடு டீக்கடையில் அவருக்குப் பெயரே ‘பொருளாதாரம்’தான். அவர் உள்ளே நுழைந்தால் பாதிப் பேர் டீயை மடக்கென்று குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். தன் வாதத்துக்குப் பதில் சொல்ல முடியாமல் ஓடுகிறார்கள் என்றே அவர் பல வருடங்களாக நம்பி வந்தார்.

ஸ்ரீரங்கன் ஓடவில்லை.

“பொங்கலுக்கு எங்க ஊர் பஸ் ஸ்டாப்புல நின்னு பாத்திருக்கீங்களா சார்? மதுரைக்கு மூவாயிரம் கேக்கறான். கட்டுப்பாடு வேண்டாமா?”

“கூட்டம் ஜாஸ்தி, பஸ் கம்மி. விலை ஏறத்தான் செய்யும். லாபம் இருக்குன்னு தெரிஞ்சா அடுத்த வருஷம் இன்னும் பத்துப் பேர் பஸ் விடுவான். தானா விலை இறங்கும்.”

“அடுத்த வருஷத்து பஸ்ஸுல இந்த வருஷப் பொங்கலுக்கு எப்படி சார் போறது?”

கதவருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அலுவலக உதவியாளர் பச்சையம்மா களுக்கென்று சிரித்துவிட்டார். ஆஸ்டினுக்குச் சுருக்கென்றது. ஒரு பெண்மணி பார்த்துக்கொண்டிருக்கும்போது தோற்பதா? நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“சரி, பஸ்ஸை விடுங்க. தொழிலுக்கு வருவோம். ஆர்டர் இல்ல, கம்பெனி நஷ்டத்துல ஓடுது. ஆளைக் குறைக்கக் கூடாதுன்னு அரசாங்கம் மிரட்டினா என்ன ஆகும்? கம்பெனியையே இழுத்து மூடுவான். நூறு பேருக்குப் போக வேண்டிய வேலை ஆயிரம் பேருக்குப் போகும்.”

ஸ்ரீரங்கன் நாளிதழை மடித்து வைத்தார். இப்போது அவர் குரலிலும் சூடு ஏறியிருந்தது.

“அந்த நூறு பேர் மனுஷங்க இல்லையா? இருபது வருஷம் உழைச்சவனை ஒரே ஒரு மெயில்ல போகச் சொல்றது எந்த ஊர் நியாயம்? அவனுக்குப் பிள்ளை காலேஜ்ல படிக்கும், தலைக்கு மேல வீட்டுக் கடன் இருக்கும். கம்பெனி ஆனை, அவன் எறும்பு. நடுவுல நிக்கறதுக்குத்தானே சார் அரசாங்கம்?”

அந்தக் குரலில் நடிப்பே இல்லை. ஒரு கணம் ஆஸ்டினுக்கே எழுந்து அந்த மனிதரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் பச்சையம்மா இவர் பக்கம் திரும்பி, “அப்பால?” என்பதுபோலப் பார்த்தார். ஷீல்டு வாங்கியவர் விட்டுக்கொடுக்கலாமா?

“அதெல்லாம் இரக்கம் சார், பொருளாதாரம் இல்ல. வேலைங்கறது பரம்பரைச் சொத்தா? தேவை இருந்தா வெச்சுக்குவான், இல்லன்னா அனுப்புவான். போனவன் அழக் கூடாது. புதுசா ஏதாவது கத்துக்கணும், வேற வேலை தேடணும். அரசாங்கத்துக்கிட்டப் போய்க் கையேந்தி நிக்கறது எனக்குப் பிடிக்காது!”

ஸ்ரீரங்கன் மடித்த நாளிதழை மறுபடி பிரித்துக்கொண்டார். பச்சையம்மா மெச்சுதலாகத் தலையாட்டினார்.

“சூப்பரா பேசற சார் நீ. டிவில உக்கார வேண்டிய ஆளு.”

ஆஸ்டின் பெருமையுடன் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

உள்ளே மணி அடித்தது. பச்சையம்மா எழுந்து போய், ஒரு காகிதத்துடன் திரும்பி வந்து உரக்கப் படித்தார்.

“வேலைய வுட்டு அனுப்புனது செல்லாதுன்னு லேபர் ஆபீசர் அய்யாவுக்கு மனு குடுத்த ஆஸ்டின் யாருப்பா?”

தரை பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் நன்றாயிருக்கும் என்று ஆஸ்டினுக்குத் தோன்றியது. தரை அசையவில்லை. மெதுவாக எழுந்தார். பச்சையம்மாவின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது.

“பதினெட்டு வருஷம் சார்... ஸ்டோர்ஸ் கிளார்க். ஒரே ஒரு மெயில்” என்று ஆஸ்டின் ஸ்ரீரங்கனின் முகத்தைப் பார்க்காமல் முணுமுணுத்தார். “பேச்சு வேற, வயிறு வேற இல்லையா?”

ஸ்ரீரங்கனும் எழுந்து நின்றார். அவர் முகம் ஆஸ்டினின் முகத்தைவிட வெளுத்திருந்தது.

“நீங்க எங்க சார் வர்றீங்க? என்னை மட்டுந்தானே கூப்பிட்டாங்க?” என்றார் ஆஸ்டின்.

“நானும் அதே கேஸுதான். உங்க கம்பெனி சார்பா பேச, ஹெட் ஆபீஸ்லேர்ந்து என்னை அனுப்பியிருக்காங்க” என்றார் ஸ்ரீரங்கன் தலையைக் குனிந்துகொண்டு. “நீங்க இவ்வளவு நேரம் பேசினீங்களே, அதைத்தான் உள்ள நான் பேசியாகணும்.”

ஆஸ்டின் அவர் பக்கம் குனிந்து கேட்டார்:

“அப்ப... நீங்க பேசினதை நான் எடுத்துக்கலாமா சார்?”